கிரீனை அடியோடு தோண்டணுமா, புல்லை மட்டும் மாற்றினால் போதுமா?

#1 ஒன்பதாம்குழி

வணக்கம் நண்பர்களே. 18 குழி கோல்ஃப் மைதானம் ஒன்றில் புல்தரை என் பொறுப்பு. பதினைந்து கிரீன்களில் (பந்தை உருட்டிக் குழியில் போடும் குட்டைப் புல்தரை) குறை சொல்ல ஒன்றுமில்லை. 4, 7, 12 இந்த மூன்றும்தான் மூன்று வருஷமாக என் தூக்கத்தைக் கெடுக்கின்றன.

புல் டிஃப்ட்வார்ஃப், பெர்முடாப் புல்லில் ஒரு ரகம். வெட்டு உயரம் 4 மில்லிமீட்டர். நாலு நாள் விடாமல் மழை பெய்தால் 4-லும் 7-லும் கால் வைத்த இடமெல்லாம் பதிகிறது. அடுத்த வாரம் மஞ்சள், அதற்கடுத்து பாசி. வெயில் காலத்தில் முதலில் காய்வதும் அதே இடம்தான். 12 வேறு மாதிரி. மழை, வெயில் எதுவானாலும் மெலிந்துகொண்டே போகிறது, கிழக்குப் பாதியில் மண் தெரிகிறது. பூஞ்சைக்கு மருந்து அடித்தேன். உரத்தைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். எது செய்தாலும் ஒரு மாதம் தாங்கும், அவ்வளவுதான்.

நிர்வாகக் குழு ஒரு யோசனை வைத்திருக்கிறது: பழைய புல்லைக் கொன்றுவிட்டு மூன்றிலும் இன்னும் குட்டையாக வெட்டக்கூடிய புது அல்ட்ராட்வார்ஃப் ரகத்தை நடுவது. மூன்று மாதம் மூடினால் வேலை முடிந்துவிடும் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கோளாறு புல்லில்தான் என்று எப்படி முடிவுக்கு வந்தார்கள்? ஆனால் கூட்டத்தில் "மனம் ஒப்பவில்லை" என்று சொன்னால் எடுபடாது. ஆதாரம் வேண்டும். எங்கிருந்து தொடங்கட்டும்?

#2 மணல்சல்லடை

தம்பி, சரியான இடத்தில்தான் சந்தேகப்படுகிறீர்கள். ரகம் ஒன்று, மெஷின் ஒன்று, உரம் ஒன்று. பதினைந்து கிரீனில் வாழ்கிற புல் மூன்றில் மட்டும் சாகிறது என்றால், அந்த மூன்று இடத்தில் என்ன வித்தியாசம் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மேலே நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது.

கொடி நடும் குழியை வெட்டும் கப் கட்டரால் ஒரு குழி வெட்டுங்கள். மண்கட்டி உடையாமல் எடுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, அளவுகோலை ஒட்டி வைத்துப் படம் எடுங்கள். அந்தக் குழிக்குள் இன்னும் கீழே, ஜல்லி தட்டுகிற வரை குறுகிய மண்வெட்டியால் இறங்குங்கள். வேர் எதுவரை போயிருக்கிறது, நிறம் எங்கே மாறுகிறது, வாடை என்ன என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு கிரீனிலும் கெட்ட இடத்தில் இரண்டு, நல்ல இடத்தில் ஒன்று. நன்றாக இருக்கும் கிரீன் ஒன்றிலும் ஒன்று எடுங்கள். ஒப்பிட நல்லது ஒன்று இல்லாவிட்டால் கெட்டதைப் பார்த்தும் பயனில்லை.

அடுத்து தண்ணீர் இறங்கும் வேகம். 15 செ.மீ விட்டமுள்ள குழாய்த் துண்டை 5 செ.மீ தரையில் இறக்கி, முதலில் தண்ணீர் ஊற்றி நன்றாக ஊற விடுங்கள். பிறகு 25 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, அது முழுதும் இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பாருங்கள். காய்ந்த மணலில் அளந்தால் பொய்யான எண் வரும், அதனால்தான் ஊற விடச் சொல்கிறேன்.

12-க்கு இந்தச் சோதனையோடு இன்னொன்றும் வேண்டும். விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை மணிக்கு ஒரு படம், ஒரே இடத்தில் நின்று எடுங்கள். கிழக்குப் பாதி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு மரம்தான் நினைவுக்கு வந்தது.

கடைசியாக ஒரு கேள்வி. அந்தக் கிரீன்களின் வடிகால் குழாய் எங்கே போய் வெளியே வாய் திறக்கிறது? மழைக்கு மறுநாள் அதில் தண்ணீர் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா?

#3 பனித்துளி

அண்ணே, நான் பதினோரு வருஷமா கிரீன்ல கையால தண்ணி விடுற வேலை பாக்குறேன். மழையில ஊறுற இடமே வெயில்ல முதல்ல காயுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுல விஷயம் இருக்கு. மழையில ஊறி வேர் மேல வந்துடும். நாலு செ.மீ வேரை வச்சுக்கிட்டு அது வெயிலை எப்படித் தாங்கும்? மேல காய்ஞ்சிருக்கேன்னு நாம தண்ணி விடுவோம், கீழே இன்னும் ஊறும். நானே இந்தத் தப்பை ஒரு வருஷம் பண்ணியிருக்கேன்.

காயுற இடத்துல இன்னொன்னும் பாருங்க. மண்கட்டியை எடுத்துக் காய வச்சு, மேலேர்ந்து ஒவ்வொரு செ.மீ-க்கும் ஒரு சொட்டு தண்ணி விடுங்க. அஞ்சு நொடிக்கு மேலயும் சொட்டு முத்து மாதிரி உருண்டு நின்னா அந்த மணல் தண்ணியை ஏத்துக்கல. மக்குற பொருளும் பூஞ்சையும் மணலைச் சுத்தி மெழுகு மாதிரி பூசிடும். அதுக்கு எவ்வளவு தண்ணி விட்டாலும் ஓரமா ஓடிடும். ஈரமூட்டி மருந்து போட்டு, சின்னத் துளை போட்டு, கொஞ்சம் கொஞ்சமா விடணும்.

#4 ஒன்பதாம்குழி

மூன்று நாள் இதே வேலையாக இருந்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

5-ஆம் கிரீன் (நல்லது): மேலே தாட்ச் (செத்த தண்டும் வேரும் சேர்ந்த அடுக்கு) 10 மில்லிமீட்டர், மணல் கலந்து இறுக்கமாக இருக்கிறது. கீழே ஒரே சீரான மணல். வேர் 14 செ.மீ வரை வெள்ளையாகப் போகிறது. 25 மில்லிமீட்டர் தண்ணீர் 11 நிமிஷத்தில் இறங்கியது.

4: தாட்ச் 20 மில்லி, கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. அதன் கீழே மணல் 5-இல் இருப்பது போலத்தான். ஆனால் 20 செ.மீ-க்குக் கீழே குழம்பு மாதிரி. குழி வெட்டிய ஐந்து நிமிஷத்தில் அடியில் தண்ணீர் ஊறி நிற்கிறது. மழை நின்று ஆறு நாள் ஆகிவிட்டது!

7: தாட்ச் 22 மில்லி. அதற்குக் கீழே 8 செ.மீ ஆழத்தில் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு கறுப்புப் பட்டை. விரலில் தேய்த்தால் மாவு மாதிரி வழுக்குகிறது. அழுகிய முட்டை வாடை. வேர் அந்தப் பட்டையைத் தொட்டதும் அறுத்தது போல நிற்கிறது, அதற்குக் கீழே ஒரு வேர்கூட இல்லை. 25 மில்லி இறங்க 50 நிமிஷம் ஆனது.

12: மண் நன்றாக இருக்கிறது. 14 நிமிஷம். கிழக்குப் பாதிக்குக் காலை பதினொன்றரை வரை வெயிலே வரவில்லை, மூன்று மணிக்கு மேல் மறுபடியும் நிழல். இத்தனை வருஷம் தினமும் காலை ஆறு மணிக்கு அந்தக் கிரீனைத் தாண்டிப் போகிறேன். பத்து மணிக்கு ஒருநாளும் போய் நின்றதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

வடிகால் வாய் பற்றிக் கேட்டீர்கள். 4-க்கும் 7-க்கும் வரைபடத்தில் இருக்கிறது, தரையில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

#5 மணல்சல்லடை

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு நோய். மூன்றுக்கும் ஒரே மருந்தாகப் புது ரகம் நட்டிருந்தால் மூன்றிலும் தோற்றிருப்பீர்கள்.

7-இல் இருக்கும் கறுப்புப் பட்டையை முதலில் சொல்கிறேன். கிரீன் என்பது வெறும் மணல் மேடு இல்லை. அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ 1960-இல் வெளியிட்ட கட்டுமான முறையில், மேலே 30 செ.மீ மணல் கலவை, அதன் கீழே 10 செ.மீ சிறு ஜல்லி, அதற்கும் கீழே சரிவில் வெட்டிய கால்வாயில் வடிகால் குழாய். பலமுறை திருத்தினாலும் இந்த அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. மணலிலிருந்து ஜல்லிக்குத் தண்ணீர் உடனே இறங்கிவிடாது. துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டால் மேலே காய்ந்த பிறகும் அடி ஓரம் ஈரமாக நிற்கிறதல்லவா, அதே சங்கதி. நுண்ணிய துவாரம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கீழே பெரிய துவாரம் வந்தால், மேலே உள்ளது நிறைந்து கனம் கூடிய பிறகே விடும். கிரீனின் அடியில் வேண்டுமென்றே இப்படி ஒரு ஈரப்பட்டையை வைக்கிறோம், வெயிலில் வேருக்கு உதவட்டும் என்று.

உங்கள் 7-இல் இதே விஷயம் 8 செ.மீ ஆழத்தில் நடக்கிறது. ஏதோ ஒரு காலத்தில் யாரோ மேலே தூவும் மணலை மாற்றியிருக்கிறார்கள். முதலில் போட்டதைவிடப் பொடியான மணல். வருஷக்கணக்கில் மேலே நல்ல மணல் சேர்ந்து அது புதைந்துவிட்டது. அந்த மாவுப் பட்டை தண்ணீரை விடாது. தண்ணீர் நின்றால் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா சல்ஃபேட்டைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும், வாடை அதுதான். அது இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. வேருக்கு அது விஷம்.

புதிதாகப் போடும் கலவையில் ஆய்வகக் கணக்குப்படி மணிக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் தண்ணீர் இறங்க வேண்டும். களத்தில் வருஷம் போகப் போக அது குறைவது இயல்பு. உங்கள் 5-இல் மணிக்கு 136 என்பது மிக நல்ல நிலை. 7-இல் 30. இதன் மேல் எந்த ரகத்தை நட்டாலும் அதன் வேரும் அந்தப் பட்டையில் போய் முட்டும்.

4 எனக்குப் புதிராக இருக்கிறது. மணல் சரியாக இருந்தும் அடியில் குளம் என்றால், தண்ணீர் வெளியே போகும் வழி அடைத்திருக்க வேண்டும். அந்தக் குழாய் வாயைத் தேடிக் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள்.

#6 குழிக்கொடி

நான் கிரீன்கீப்பர் இல்லை, வேறொரு மைதானத்தில் விளையாடுகிறவன், அங்கே குழுவிலும் இருக்கிறேன். தவறாக நினைக்காமல் பதில் சொல்லுங்கள். எங்கள் இடத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை நல்ல கிரீனைத் துளை துளையாகப் போட்டு மணலைக் கொட்டுகிறார்கள். இரண்டு வாரம் பந்து நேராக உருளாது. உறுப்பினர்கள் என்னைத்தான் பிடித்துக் கேட்கிறார்கள். நன்றாக இருக்கும் கிரீனுக்கு இது தேவையா? அதோடு எங்கள் கிரீனில் பந்து உருளும் வேகத்தை ஸ்டிம்ப் கருவியால் அளந்தால் 9-தான் வருகிறது. 11 வேண்டும் என்று ஒரு தரப்பு விடாமல் கேட்கிறது.

#7 மணல்சல்லடை

நியாயமான கேள்வி சார். புல் தினமும் வளர்கிறது, தண்டும் வேரும் செத்து மேலே தங்குகின்றன. மக்குகிற வேகத்தைவிடச் சேருகிற வேகம் கூடினால் பஞ்சு மெத்தையாகிவிடும். அதுதான் தாட்ச். அந்த மெத்தை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், காற்றை அடைக்கும். மெஷின் சக்கரம் அதில் அமிழ்ந்து புல்லைத் தோலோடு சீவிவிடும். துளை போடுவது அதை வெளியே எடுத்து, அந்த இடத்தில் மணலை நிரப்பத்தான்.

ஒருமுறை துளை போட்டால் எவ்வளவு மாறுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மில்லி விட்டமுள்ள துளை, 5 செ.மீ இடைவெளி: சதுர மீட்டருக்கு 400 துளை, பரப்பில் வெறும் 4.5 சதவீதம். 7.5 செ.மீ ஆழம் போனால் 500 சதுர மீட்டர் கிரீனுக்கு 1.7 கன மீட்டர் மணல் துளைக்குள் போகும். நிரப்பாமல் பாதியில் விட்டால் செய்த வேலையில் பாதி வீண். நடுவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கண்ணுக்குத் தெரியாத அளவு மணல் தூவிக்கொண்டே இருந்தால் பெரிய துளையைக் குறைக்கலாம். 1 மில்லி கனம் தூவ அரை கன மீட்டர் போதும். ஆனால் அந்த மணல் முதலில் கட்டியபோது போட்ட அதே அளவு மணலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 7-ஆம் கிரீன் சாட்சி.

வேகம் பற்றி: எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935-இல் ஓக்மான்டில் நடந்த யு.எஸ். ஓப்பன் போட்டியைப் பார்த்துவிட்டு, கிரீன் அளவுக்கு மீறி வேகமாக இருக்கிறது என்று நிரூபிக்கத்தான் அந்தக் கருவியைச் செய்தார். 1978-இல் யு.எஸ்.ஜி.ஏ அதைப் பராமரிப்பாளர்கள் கைக்குக் கொடுத்தது, ஒரு மைதானத்தின் கிரீன்கள் எல்லாம் ஒரே மாதிரி உருளுகின்றனவா என்று பார்ப்பதற்காக. இரண்டு மைதானங்களைப் போட்டிக்கு நிறுத்துவதற்கு இல்லை. உங்கள் பதினெட்டும் 9-ஆக இருந்தால் அது நல்ல கிரீன். ஒன்று 8, ஒன்று 11 என்றால்தான் ஆட்டக்காரருக்கு அநியாயம்.

#8 பழையரீல்

நான் மெஷின் பக்கம். யாரும் இதைப் பேசலையேன்னு எழுதுறேன். வேகம் வேணும்னா உயரத்தை இறக்காதீங்க, முதல்ல கத்தியைப் பாருங்க. மெஷின்ல சுத்துற ரீல் கத்திக்கும் அசையாத அடிக்கத்திக்கும் நடுவுல செய்தித்தாளைச் செருகிச் சுத்தினா நீளம் முழுக்கக் கத்தரிக்கோல் மாதிரி வெட்டணும். ஒரு ஓரம் வெட்டி ஒரு ஓரம் மடிச்சா அந்த மெஷின் புல்லைப் பிய்க்குது. பிய்ஞ்ச நுனி வெளுக்கும், மத்தியானம் கிரீன் பழுப்பாத் தெரியும், நோய் அந்தப் புண்ணு வழியா ஏறும். மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு இலையைப் பறிச்சு லென்ஸ் வச்சு நுனியைப் பாருங்க.

மணல் தூவின மறுநாள் உங்க நல்ல மெஷினை எடுக்காதீங்க. பழசு ஒண்ணை அதுக்குன்னே ஒதுக்கி வைங்க. ஒரு காலை வேலையில கத்தி மொட்டையாயிடும்.

ஓரத்துல சுத்தி வெட்டுற கடைசி வட்டம் இருக்கே, அது தினமும் ஒரே தடம். வளைவுல மெஷின் திரும்புறப்ப தேய்ச்சுட்டே போகும். கிரீன் ஓரம் மட்டும் வளையமா மெலிஞ்சா ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த வட்டத்தை விட்டுடுங்க, இல்லைன்னா ஒரு அடி உள்ள தள்ளி ஓட்டுங்க. வேகம் வேணும்னா உருளை போடுங்க. மணல் கிரீனுக்கு வாரம் மூணு தடவை லேசான உருளை தாங்கும். தரை ஈரமா இருக்கிறப்ப வேண்டாம்.

#9 பனித்துளி

பழையரீல் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. காலையில பனியைத் தட்டுறதையும் விட்டுடாதீங்க. இலை எவ்வளவு நேரம் நனைஞ்சிருக்கோ அவ்வளவு நேரம் பூஞ்சைக்குச் சாப்பாடு. வெட்டாத நாள்ல நீளமான மூங்கில் கம்பால வீசித் தட்டிட்டுத்தான் நான் அடுத்த வேலைக்குப் போவேன். 12 மாதிரி பதினொன்றரை வரைக்கும் வெயில் வராத கிரீன்ல பனி எப்போ காயும்? மருந்து அடிச்சும் கேக்காததுக்கு அதுவும் ஒரு காரணம்.

#10 ஒன்பதாம்குழி

4-ஆம் கிரீனின் வடிகால் வாயைக் கண்டுபிடித்துவிட்டோம்.

வரைபடம் காட்டிய இடத்தில் புதர்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க வெட்டி, இரும்புக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்ததில், முழங்கால் ஆழத்தில் குழாய் தட்டியது. வாய்க்குள் மர வேர் சடை பின்னியது போல நிறைந்திருந்தது, அதன் பின்னால் வண்டல். கையால் இழுத்து எடுத்தோம். இரண்டு மீட்டர் நீளத்துக்கு வேர் ஒரே கயிறாக வந்தது. அது வெளியே வந்ததும் கறுப்புத் தண்ணீர் பாய்ந்தது. மறுநாள் சாயங்காலம் வரை ஓடி, பிறகு தெளிந்து, மெல்லிய கம்பி போல ஒழுகியது. எங்கள் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு அதைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

பத்து நாள் கழித்து 4-இல் மறுபடி குழி வெட்டினேன். அடியில் தண்ணீர் இல்லை. ஈரம் இருக்கிறது, குளம் இல்லை.

7-இன் வாயையும் தோண்டிப் பார்த்தோம். அது திறந்துதான் இருக்கிறது, காய்ந்து கிடக்கிறது. மேலே இருக்கும் தண்ணீர் அங்கே வந்து சேரவே இல்லை என்று அர்த்தம்.

#11 வேர்நுனி

இழையை முதலிலிருந்து படித்தேன். 4-ஐத் தோண்டவே வேண்டாம் என்பது தெளிவு. 20 மில்லி தாட்ச்சைத் துளை போட்டு மணலால் குறைத்துக்கொண்டு வந்தால் அடுத்த பருவத்தில் மீண்டுவிடும்.

ஆனால் ரகம் பற்றி ஒரு வார்த்தை. டிஃப்ட்வார்ஃப் 1965-இல் வெளியானது, 1956-இல் வந்த டிஃப்ட்கிரீனில் இயற்கையாகத் தோன்றிய ஒரு மாற்றம் அது. இவை நம் அருகம்புல்லும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றும் கலந்த மலட்டுக் கலப்பினங்கள். விதை பிடிக்காது, தண்டிலிருந்துதான் பெருக்க வேண்டும். வருஷக்கணக்கில் வெட்டி வெட்டி வளர்க்கும்போது அங்கங்கே திசு மாறி, வேறு நிறத்தில், வேறு வேகத்தில் வளரும் திட்டுகள் உண்டாகும். ஒன்பதாம்குழி, உங்கள் கிரீனில் வட்ட வட்டமாக வேறு பச்சை தெரிகிறதா? தெரிந்தால் எந்தப் பராமரிப்பாலும் அதைச் சீராக்க முடியாது. ஒருநாள் ரகத்தை மாற்றித்தான் ஆக வேண்டும்.

சாம்பியன், மினிவெர்டே, டிஃப்ட்ஈகிள் போன்ற அல்ட்ராட்வார்ஃப் ரகங்கள் 3 மில்லி வெட்டையும் தாங்கும். ஆனால் அவை டிஃப்ட்வார்ஃபைவிட வேகமாகத் தாட்ச் கட்டும். நட்டுவிட்டு முன்பு செய்த அளவே மணலும் செங்குத்து வெட்டும் (தாட்ச்சைக் கத்தியால் கீறி எடுப்பது) செய்தால் இரண்டே வருஷத்தில் மெத்தையாகிவிடும். நிழலை எதுவுமே தாங்காது. 12-இல் மரத்தை வைத்துக்கொண்டு எந்த பெர்முடா ரகத்தை நட்டாலும் கதை இதுதான்.

7-க்கு முழுத் தோண்டல்தான் ஒரே வழியா என்று எனக்குக் கேள்வி இருக்கிறது. பட்டை 8 செ.மீ ஆழத்தில்தானே? மேலே 10 செ.மீ-ஐ மட்டும் சீவி எடுத்துவிட்டு, அதே அளவு மணலை நிரப்பி நட்டால் செலவும் நாளும் பாதியாகும்.

#12 மணல்சல்லடை

வேர்நுனி சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. பட்டைக்குக் கீழே உள்ள மணல் சுத்தமாக இருந்தால் அது நல்ல வழி, நானே செய்திருக்கிறேன். ஆனால் அதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மாவு மணல் மழைத் தண்ணீரோடு கீழே இறங்கியிருக்கும். மூன்று இடத்தில் 10 முதல் 30 செ.மீ வரை உள்ள மணலைத் தனியாக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மணலில் குறைந்தது 60 சதவீதம் கால் மில்லிக்கும் ஒரு மில்லிக்கும் இடைப்பட்ட மணியாக இருக்க வேண்டும். மிகப் பொடியான மணல், வண்டல், களி மூன்றும் சேர்ந்து 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டிலும் தேறினால் சீவி நிரப்பலாம். இல்லாவிட்டால் அடிவரை தோண்டுங்கள்.

#13 ஒன்பதாம்குழி

ஆய்வக முடிவு வந்தது. மூன்று மாதிரியில் இரண்டில் நுண்பொடி 10-ஐத் தாண்டிவிட்டது. 7-ஐ அடியோடு தோண்டுகிறோம்.

கூட்டத்தில் நான் அதிகம் பேசவில்லை. பிளந்த மண்கட்டிகளை, 5-உடையதையும் 7-உடையதையும், ஒரு தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேசையைச் சுற்றி அனுப்பினேன். 7-ஐ முகர்ந்து பார்த்தவர் தட்டைத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் புது ரகம் பற்றிப் பேசவில்லை. 12-இல்தான் கஷ்டமாக இருந்தது. அந்த மரங்களை நட்டவர்களில் ஒருவர் குழுவில் இருக்கிறார். மணிக்கு ஒன்றாக எடுத்த படங்களை அவரிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, இரண்டு மரத்தை எடுக்கவும் மூன்றின் கீழ்க்கிளைகளைக் கழிக்கவும் சம்மதித்தார். அதுவரை 12-இல் வெட்டு உயரத்தை 5 மில்லிக்கு ஏற்றி வைத்திருக்கிறேன்.

வட்டத் திட்டுகள் இருக்கின்றன, வேர்நுனி. 7-இல் நிறையவே. அதனால் அதில் மட்டும் டிஃப்ட்ஈகிள் நடலாம் என்று நினைக்கிறேன். மற்ற கிரீன்களின் உருட்டலோடு ஒட்டி வருமா என்ற கவலையும் இருக்கிறது.

#14 மணல்சல்லடை

ஒட்டி வர வைக்கலாம். 3 மில்லி தாங்கும் என்பதற்காக 3-இல் வெட்ட வேண்டும் என்று இல்லை. வாராவாரம் எல்லாவற்றையும் ஸ்டிம்ப் வைத்து அளந்து, உருளையால் சரிக்கட்டுங்கள்.

தோண்டும் முன் மேற்பரப்பின் மேடுபள்ளத்தைக் கட்டம் கட்டமாக அளந்து பதிவு செய்யுங்கள். பல இடங்களில் இதை மறந்துவிட்டு, பிறகு ஆட்டக்காரர்கள் "பழைய 7 எங்கே" என்று கேட்கிறார்கள். ஓரத்தையும் தேடுங்கள். மெஷின் தடம் வருஷத்துக்குக் கொஞ்சம் உள்ளே வருவதால் பழைய கிரீன் எல்லாமே சுருங்கியிருக்கும். கம்பியால் குத்தி மணல் எங்கே முடிகிறது என்று பார்த்தால் முதலில் கட்டிய ஓரம் கிடைக்கும். குழி வைக்க நல்ல மூலைகள் அங்கேதான் புதைந்து கிடக்கும். சுற்றியுள்ள ஓரப் புல்லில் பல வருஷ மணல் சேர்ந்து வரப்பு போலாகியிருந்தால் அதையும் வெட்டி எடுங்கள். மேற்பரப்புத் தண்ணீர் வெளியே ஓட வழி வேண்டும்.

அடித்தளத்தின் சரிவு மேற்பரப்பின் சரிவைப் போலவே இருக்க வேண்டும், அப்போதுதான் மணலின் கனம் எங்கும் 30 செ.மீ வரும். கனம் குறைந்த இடத்தில் ஈரம் அதிகம் நிற்கும், கூடிய இடத்தில் மேல் மணல் சீக்கிரம் காயும். குழாய்க்குக் குழாய் 5 மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம். மேல்முனையில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ ஒரு வாய் வையுங்கள், கீழ்வாயில் கம்பி வலை போட்டு, புதர் மூடாமல் ஒரு கல் நட்டு அடையாளம் செய்யுங்கள். 4-இல் பட்ட பாடு போதும்.

ஜல்லியும் மணலும் ஒன்றுக்கொன்று பொருந்தும் அளவா என்று ஒரே ஆய்வகத்தில் சேர்த்துச் சோதியுங்கள். ஜல்லி பெரிதாக இருந்தால் மணல் அதற்குள் இறங்கும். கலவையை வெளியே கலந்து கொண்டுவாருங்கள், கிரீனுக்குள் கொட்டிக் கலக்காதீர்கள். பரப்பும்போது லேசான ஈரம் இருக்கட்டும், காய்ந்த மணல் ஜல்லிக்குள் நழுவும்.

#15 ஒன்பதாம்குழி

7-ஐத் தோண்டிக் கட்டி, நட்டு இரண்டரை மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். தினமும் ஏழு முறை தண்ணீர் தெளிப்பதில் வேறு எதற்கும் நேரமில்லை.

தண்டைத் தூவி, தட்டு உருளையால் மணலில் அழுத்தி, மெல்லிய மணல் போர்த்தினோம். முதல் பத்து நாள் மேல் மணல் காயவே விடவில்லை. எட்டாம் நாள் ராத்திரி பெரிய மழை. தென்மேற்கு மூலையில் ஒரு கார் அளவு இடம் அரித்துப் போனது, தண்டெல்லாம் ஓரத்தில் குவிந்து கிடந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. ஆனால் மற்ற இடத்தில் ஒரு துளித் தண்ணீர் நிற்கவில்லை. வடிகால் வாயில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் மணல் நிரப்பி, கையால் மறுநடவு செய்தோம். அந்த மூலை மட்டும் இரண்டு வாரம் பின்தங்கி வந்தது.

நான்காம் வாரம் முதல் வெட்டு, 8 மில்லியில். பிறகு வாரம் அரை மில்லி, ஒரு மில்லி என இறக்கி, இப்போது 4.5. வாரந்தோறும் மெல்லிய மணல், சிறு அளவு நைட்ரஜன்.

12-இன் கிழக்குப் பாதிக்கு இப்போது எட்டரை மணிக்கு வெயில் வருகிறது. இன்னும் முழுதாக மூடவில்லை, ஆனால் ஓடுதண்டு மண்ணின் மேல் குறுக்கே நீள்வதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. 4-இல் இரண்டு முறை துளை போட்டோம். வேர் 11 செ.மீ.

#16 பனித்துளி

அண்ணே, படிக்கவே சந்தோஷமா இருக்கு. ஒண்ணு மட்டும். புது கிரீன்ல ஆழம் வரைக்கும் மணல் சுத்தமா இருக்கிறதால பழைய 7-க்கு விட்ட கணக்குல தண்ணி விட்டா பத்தாது, உரமும் தங்காது. ஈரமானியை தினமும் ஒன்பது இடத்துல குத்தி எழுதி வைங்க. மூலையில மறுநடவு பண்ண இடத்தைத் தனியா பாருங்க, அங்க வேர் இன்னும் மேலயே இருக்கும். மத்த இடத்தைப் பார்த்துட்டு அதையும் பட்டினி போட்டுடாதீங்க.

#17 குழிக்கொடி

எங்கள் குழுவில் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். 11 கேட்டவர்களிடம் எங்கள் பதினெட்டு கிரீனையும் முதலில் அளப்போம் என்றேன். அளந்தோம். பெரும்பாலானவை 9-ஐ ஒட்டி. இரண்டு மட்டும் ஏழரை. அந்த இரண்டிலும் அடுத்த வாரம் கப் கட்டரை இறக்கப் போகிறார்கள், நானும் பக்கத்தில் நிற்கப் போகிறேன். சார், மண்கட்டியைப் பிளக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

#18 மணல்சல்லடை

வேர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அந்த இடத்தை முகருங்கள். இரண்டு கிரீனுடைய படத்தையும், நல்ல கிரீன் ஒன்றின் படத்தோடு சேர்த்து இங்கே போடுங்கள்.